ஓட்டைச் சாக்ஸில் மூன்று மால்பெக்

செய்தி வந்தபோது மணி காலை பதினொன்று இருபது. கண்ணாடிக் கடையின் உள்ளறையில் ஓர் ஆசிரியையின் கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தான் அவன். "கடைசி வரியை வாசிங்க டீச்சர்" என்று சொல்லி முடிப்பதற்குள் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அக்கா.

"அத்தான் போயிட்டார்டா. கடையிலேயே. ஏணியிலேர்ந்து இறங்கி உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்."

ஆசிரியை கடைசி வரியைப் பிழையில்லாமல் வாசித்தார். அவன் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னான். மூன்றாம் முறையும் சொன்னபோது அவர் எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டார்.

அத்தான் ஓர் ஒயின் கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். முதலாளி அல்ல. அலமாரி அடுக்குவார், ஒவ்வொரு பாட்டிலுக்கும் கீழே ஒட்டும் சின்ன அட்டையில் இரண்டு வரி எழுதுவார். சிவப்பு ஒயின்களில் மால்பெக் என்றால் அவருக்கு உயிர். "பிறந்த வீடு பிரான்ஸ், புகுந்த வீடு அர்ஜென்டினா. புகுந்த வீட்டுலதான் பேர் வாங்கினா" என்பார், ஏதோ சொந்தக்காரப் பெண்ணின் கதையைச் சொல்வதுபோல.

குறைந்த விலையில் நல்ல மால்பெக் தேடி வருபவர்களுக்கு அவரிடம் ஒரே பாடம்தான். "கனமான பாட்டிலை எடுக்காதீங்க சார், காசு கண்ணாடிக்குப் போயிடும். தங்க முத்திரையையும் எண்ணாதீங்க. கண்ணுக்கு நேரா இருக்கிறது நாங்க விக்க நினைக்கிறது. ஒரு தட்டு கீழே பாருங்க. திராட்சை எவ்வளவு உயரத்துல விளைஞ்சதுன்னு லேபிள்ல எழுதியிருந்தா எடுத்துக்குங்க. மேட்டு நிலத்துல ராத்திரி குளிரும், பழத்துல புளிப்பு தங்கும். புளிப்பு இல்லாத மால்பெக் வெறும் ஜாம்."

இந்தப் பாடத்தைப் பதினொரு வருடம் சனிக்கிழமைதோறும் கேட்டவன் அவன். கேட்டானே தவிர, ஏறவில்லை.

சனிக்கிழமை மதியம் அத்தான் தன் பழைய சாக்ஸ் மூன்றில் மூன்று மால்பெக் பாட்டில்களைச் செருகி, கழுத்துவரை இழுத்துவிட்டு, மேசைமேல் நிறுத்துவார். எந்தச் சாக்ஸில் எது என்று ஒரு சீட்டில் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடுவார். ருசித்து, எது விலைக்கு மேல் நல்லது என்று இவன் சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் உறை பிரியும்.

அத்தானின் பெருவிரல் கிழிக்காத சாக்ஸ் உலகத்தில் கிடையாது. மூன்றிலும் நுனியில் ஓட்டை. அவர் தம்ளர் எடுக்க உள்ளே போகும்போது இவன் பாட்டிலைச் சற்றே தூக்கி, ஓட்டைக்குள் விரலை விட்டு அடிக்குழியைத் தடவிப் பார்ப்பான். குழி ஆழமாக இருந்தால் ஒயின் உசத்தி. இதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முட்டாள்தனத்துக்கு வாத்தியார் தேவையில்லை.

குழி ஆழமான பாட்டிலுக்கு ஒரு பிரசங்கமே நடக்கும். "இதுல மழையில நனைஞ்ச புத்தக அலமாரி வாசனை வருது அத்தான்."

"புத்தக அலமாரியை எப்ப மச்சான் நக்கிப் பார்த்தே?"

"சும்மா கிண்டல் பண்ணாதீங்க. நாக்குன்னு ஒண்ணு வேணும்."

"ஆமாமா. உன் நாக்குக்கு இன்ஷூரன்ஸ் எடுத்து வைக்கணும்."

அதை அவன் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான். விருந்துகளில் சொல்லியும் காட்டினான். கடைசியில் குடும்பத்திலும் அத்தானின் கடையிலும் அவனுக்குப் பேரே 'நாக்கு' என்று ஆயிற்று. அது நாக்கல்ல, வலது கை ஆள்காட்டி விரல் என்பது தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தான்.

அத்தான் போனது வியாழக்கிழமை. அடுத்த வாரச் சனிக்கிழமை அக்கா அவனை வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு அவர் கடை ஆளுங்க, நம்ம ஆளுங்க எல்லாரும் வர்றாங்க. அவர் பேரைச் சொல்லி ஆளுக்கு ஒரு தம்ளர் மால்பெக் கொடுக்கணும். போன சனிக்கிழமைக்குன்னு மூணு கட்டி வெச்சிருந்தார். நீயே ஒண்ணைச் சொல்லு, அதையே வாங்கிடலாம்."

மலிவாகக் கொடுப்பார், மட்டமாகக் கொடுக்க மாட்டார் என்பதுதான் அத்தான் சம்பாதித்த ஒரே பேர். அதை ஒரு விரலை நம்பி அவர் வீட்டிலேயே கெடுப்பதா?

"நீயே உள்ளே வெச்சு ஊத்திக் கொண்டு வாக்கா. நான் பாட்டிலைப் பார்க்கலை" என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். விரல் பழக்கதோஷத்தில் துடித்தது.

முதல் தம்ளர், மரக்கடைக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. மூன்றாவது இனித்தது, இனிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. இரண்டாவது, கறுத்த பிளம் பழத்தைத் தோலோடு கடித்ததுபோல் முதலில் இனித்து, பிறகு லேசாகப் புளித்து, விழுங்கிய பின்னும் போகாமல் நின்றது. மூன்றையும் மறுபடி குடித்தான். அரை மணி நேரம் ஆயிற்று.

"ரெண்டாவது. நல்லா இருக்கு."

"அவ்வளவுதானா? மழை, அலமாரி ஒண்ணும் இல்லையா?"

"இல்லக்கா. நல்லா இருக்கு."

அக்கா உறையைப் பிரித்தாள். ஒன்று, கடையிலேயே கனமான பாட்டில். மூன்று, அடித்தட்டு. இரண்டு, கண்ணுக்கு ஒரு தட்டு கீழே இருப்பது, மேட்டு நிலத்துப் பழம்; அதைச் சுற்றி அத்தானின் பேனா ஒரு வட்டம் போட்டிருந்தது. அவனுக்கு மூச்சு வந்தது. அக்கா சீட்டைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் அதே கையெழுத்தில் ஒரு வரி: 'மச்சான் சொல்லப்போவது ஒன்றாம் பாட்டில்; குழி ஆழம்.'

"அவருக்குத் தெரியுமா?"

"முதல் மாசத்துலேர்ந்தே தெரியும்." அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். "தைக்கறேன்னு சாக்ஸை எடுத்தா பிடுங்கிடுவார். 'ஊருக்கே கண் பார்க்கிறவன், இங்க வந்து விரலால தடவறான். பாவம், அந்த வழியையும் அடைச்சிடாதே'ம்பார்."

இழுப்பறை நிறையப் பழைய சீட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். பதினொரு வருடத்தில் ஒரு வாரம்கூட அவர் கணிப்பு தவறவில்லை. தவறியது இந்த ஒன்றுதான். அதைப் பார்த்துக் கிண்டல் செய்ய வேண்டியவர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒயின் கடை முதலாளி இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கினார். "அருமை. நாக்கு தேர்ந்தெடுத்ததா?"

"அத்தான் தேர்ந்தெடுத்தது" என்றான். சொன்னதில் பொய் இல்லை என்பதே அவனுக்குப் புதிதாக இருந்தது.

கிளம்பும்போது அக்கா மூன்று சாக்ஸையும் அவனிடம் கொடுத்து, "இனிமே ஓட்டை எதுக்கு? தைச்சு வெச்சுக்கோ" என்றாள். இரண்டைத் தைத்துவிட்டான். மிச்சம் ஒன்று, கனமான பாட்டில் இருந்த சாக்ஸ், நூல் கோத்த ஊசியோடு கண்ணாடிக் கடை மேசையின் இழுப்பறையில் இருக்கிறது.