கொசுறாகப் பூசிய சிலிக்கான்

கழற்றிய ஆக்ஸிஜன் சென்சாரின் நுனியில் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளை படிந்திருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். மலேசியாவில், மலாக்கா பக்கம் டுரியான் துங்காலில் வொர்க்‌ஷாப் வைத்து எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. ஒரே காடியில், அதாவது காரில், ஒரே சாமான் மூன்றாவது முறையாகச் செத்துப்போனதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

காடி கிராணி அக்காவுடையது. பக்கத்துச் செம்பனைத் தோட்ட ஆபீசில் கிராணியாகக் கணக்கெழுதும் வேலை பார்த்தவர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர் என்றாலும் ஊருக்கே அக்கா. கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் மலாக்கா டவுனுக்கு டயாலிசிஸ் செய்ய அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். காடிக்கு இருபது வயது. பெட்ரோல் கூடவா குறைவா என்பதைப் புகைக்குழாயிலுள்ள இந்தச் சென்சாரை வைத்துத்தான் இன்ஜின் தெரிந்துகொள்ளும். அது கெட்டதும் காடி கண்டபடி பெட்ரோல் குடித்தது, குலுங்கியது. கடைசியில் ஆயர் குரோ சிக்னலில், சிகிச்சை முடிந்து துவண்டு கிடந்த மனிதரோடு நடுரோட்டில் நின்றுவிட்டது.

"இன்னொரு தடவ நின்னுச்சுன்னா இவர கூட்டிக்கிட்டு ஜொகூர்ல மகன் வீட்டுக்கே போயிடுவேன் லா. பயமா இருக்கு தம்பி," என்றார் அக்கா. சொந்த வீட்டை விட்டு எங்கும் வரமாட்டேன் என்று கணவர் பிடிவாதமாக இருந்தது எனக்குத் தெரியும்.

எனக்கு ஒரு கெட்ட குணம், என் கைமேல் எனக்குச் சந்தேகமே வராது. முதல் முறை சாமான் கடைக்காரரைத் திட்டினேன். இரண்டாம் முறை பெட்ரோலைத் திட்டினேன். மூன்றாம் முறை காடியை இரண்டு நாள் வைத்துக்கொண்டு வயர்களைச் சோதித்தேன், புகைக்குழாயில் ஓட்டை தேடினேன், ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று பார்த்தேன். ஆயில் எரிந்திருந்தால் நுனி கறுத்திருக்கும். இதுவோ வெள்ளை. ஒன்றும் பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் இருவரும் வாடகைக் காடியில் வந்து இறங்கினார்கள். அக்கா எதையும் எழுதிவைக்கிறவர். டேஷ்போர்டில் இன்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்த நாட்களை ஒரு தாளில் குறித்துக் கொண்டுவந்திருந்தார். "ஒவ்வொரு தடவையும் ஒங்கிட்டேருந்து எடுத்துட்டுப் போயி மூணு வாரத்துல எரியுது, பாத்துக்க," என்று நீட்டினார். எனக்குச் சுருக்கென்றது. என் வேலையையே குறை சொல்கிறாரே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு காடிப் பக்கம் போய்விட்டேன்.

நம்மவர்களுக்குக் கொசுறு இல்லாமல் எதுவும் நிறைவதில்லை. காய்கறிக்காரர் கறிவேப்பிலை போடுவார், நான் ஏதாவது சின்ன வேலை செய்துகொடுப்பேன். வாசல் கோலத்தில் ஆயில் சொட்டுகிறது என்று அக்கா ஒருமுறை சொன்னதிலிருந்து, காடி வரும்போதெல்லாம் இன்ஜின் மூடியைக் கழற்றி, விளிம்பில் சிலிக்கான் பசை பூசி மாட்டிவிடுவேன். அன்றும் பூசலாம் என்று டியூபைத் திறந்தபோது வினிகர் வாடை மூக்கில் ஏறியது. வீட்டுக் குளியலறை விரிசலுக்கு வாங்கி மிச்சமான டியூப் அது, இன்ஜினுக்கானது இல்லை. அந்தப் பசை காயும்வரை விடுகிற ஆவியை இன்ஜின் இழுத்துக்கொள்ளும். அது எரிந்து வெள்ளையாகிச் சென்சாரில் படியும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான். கொசுறு வேலைதானே என்று யோசிக்காமல் விட்டிருந்தேன்.

சென்சார் மட்டச் சரக்கு என்று சொன்னால் அக்கா நம்பியிருப்பார். சொல்லத்தான் நினைத்தேன். பெஞ்சில் அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்ததும் அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"அக்கா, தப்பு என்னோடதுக்கா. நான் பூசுன பசைதான் அத கெடுத்துருக்கு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் டியூபை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இத வேற யாரு யாரு காடிக்குப் பூசியிருக்க?"

எனக்குப் பிடித்தவர்கள் எல்லோருக்கும் பூசியிருந்தேன். பிடித்தவர்களுக்குத்தானே கொசுறு.

"போன் போடு. எல்லாருக்கும் சொல்லு. நா உக்காந்திருக்கேன்."

முதல் ஆளிடம் நாக்குக் குழறியது. அடுத்தவர், "அப்ப அது ஒன் வேலதானா?" என்று கத்தினார். வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனேன். கடைசி ஆளிடம் பேசி முடிக்கும்வரை அக்கா எழுந்திருக்கவில்லை. பிறகு கணவரை எழுப்பிக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனவர், வாசலில் நின்று திரும்பினார்.

"காடி இங்கயே இருக்கட்டும். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு இவருக்கு வேணும்."

வேறு வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவார் என்றுதான் நினைத்திருந்தேன். அக்காவும் கணவரும் இன்றும் இங்கே, அதே சொந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.