அண்ணன் போட்ட பின்னல்

இறந்துபோன எங்கள் அக்காவின் மூத்த மகள் அண்ணன் வீட்டில் வளர்கிறாள், சின்னவள் என்னிடம். இன்று பள்ளியில் பெற்றோர் கூட்டம்.

ஆரோவில்லில் ஆபீஸ் வேலை பார்க்கும் அண்ணனுக்கு நாற்காலி போட்டார்கள். உப்பள வேலையிலிருந்து அப்படியே போன நான் சுவரோரம் நின்றேன்.

"ஆம்பளையா இருந்தும் பொண்ணுக்கு இவ்ளோ அழகா பின்னி அனுப்புறீங்களே சார்" என்றார் டீச்சர்.

"ஏதோ நம்மால முடிஞ்சதுங்க மேடம்" என்றான் அண்ணன்.

என்னிடம், "சித்தியாம்மா நீ? கையெழுத்து போடத் தெரியுமா?" என்று கேட்டார்.

பெரியவளும் காலையில் என் வீட்டுக்கு வந்துவிடுவாள்; உப்பளத்துக்குக் கிளம்பும் முன் இரண்டு பேருக்கும் தலை பின்னிவிடுவது நான்தான். பெரியவளாவது அதைச் சொல்வாள் என்று பார்த்தேன். மாமன் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நாளைக்குச் சீப்பையும் ரிப்பனையும் அண்ணன் வீட்டுக்கே அனுப்பப் போகிறேன். பின்னத் தெரிந்த ஆண்கள் யாராவது இருந்தால் கமெண்ட்டில் வந்து அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள்.