கடதாசிக்கான தோட்டா

ஷ்லீரனில் எங்கள் கட்டடத்தின் அடியிலிருக்கும் கெல்லரில், சுட்ட தோட்டாக்களின் வெறும் கோதுகளுக்கு வெடிமருந்து நிரப்பிக்கொண்டிருக்கிறேன். கருவியின் கைப்பிடியை அமுக்கியதும் ‘கிளிக்’ என்கிறது. சின்ன வயதில் நாங்கள் இருந்த டாவோஸில் அப்பாவின் கருவியும் அப்படித்தான் சத்தம் போடும்.

ஹோட்டல் குசினி வேலை முடிந்து வந்தால் அப்பா நேரே கெல்லருக்குத்தான் போவார். சுடுபோட்டிக்குத் தோட்டாவைத் தானே செய்தால்தான் அவருக்குத் திருப்தி. ஊரெல்லாம் கதைக்கிற மனிசன், மருந்து நிறுக்கும்போது வாயே திறக்கமாட்டார். கையில் எப்போதும் பித்தளை மணக்கும்.

அம்மா படியில் நின்று கத்துவா: “சண்டைக்குத் தப்பி ஓடிவந்தது, இஞ்சை இருந்து தோட்டா செய்யவோ?”

“இது கடதாசியிலை ஓட்டை போட மட்டும்தானப்பா,” என்று அம்மாவுக்குச் சொல்வார்.

அவர் முதற்பரிசு வாங்கிய கிழமை பேர்ண் கோயிலுக்குப் போனோம். “உங்கட மனிசன் துவக்குச் சுடுறாராமே?” என்று ஒரு அன்ரி முகத்தைச் சுழித்தா. நான் தலையைக் குனிந்தேன். அம்மா நிமிர்ந்து நின்றா.

“ஓம். அவரின்ர தோட்டா கடதாசியிலை மட்டும்தான் படும். அதுவும் நட்டநடுவிலை!”

நாளைக்கு எனக்குச் சுடுபோட்டி. இன்று காலையில் அம்மா போன் எடுத்தா. சாப்பிட்டியோ என்றுகூடக் கேட்கவில்லை.

“நட்டநடுவிலை படவேணும், பிள்ளை.”