களத்துமேட்டையும் சேர்த்து எழுதிய தலைவர்

செய்தி வந்தபோது நான் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்காரர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நான் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டில் கை இறுக்குகிறது என்று அந்த வீட்டு அம்மா குறை சொல்லிக்கொண்டிருந்தார். அளவு ஜாக்கெட் கொடுத்தது அவர், அதற்குப் பிறகு உடம்பு போட்டதும் அவர், திட்டு மட்டும் எனக்கு. அப்போதுதான் என் மகன் போனில் கூப்பிட்டான். “மா, பிரசிடென்ட் மாமா பூட்டாரு. ஆஸ்பத்திரிலேர்ந்து இட்டுக்கினு வராங்களாம்.” உள்ளே தறிச் சத்தம் நிற்கவில்லை. “யாரும்மா, சொந்தமா?” என்று அந்த அம்மா கேட்டார். சொந்தமில்லை. அவரோடு சண்டையில்லாமல் பேசியே வெகு நாளாகிவிட்டது. “எங்க ஊரு தலைவரு” என்று மட்டும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, ஜாக்கெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏற்றி அனுப்பினார்.

சவரிமுத்து அண்ணனை உங்களில் பலருக்கு நன்றாகத் தெரியும். ஏனாத்தூரைத் தாண்டி, ஏரிக்குக் கீழே இருக்கிற எங்கள் ஊருக்கு அவர் ஊராட்சித் தலைவர்; காலனித் தெருவுக்கு நான் வார்டு உறுப்பினர். இரண்டு பேருக்கும் ஒரே தெரு. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, அறுத்து, கூலி வாங்கிப் பிழைத்தவர்கள். அவர் மாதாகோயில், நான் மாரியம்மன் கோயில். வேறு வித்தியாசம் கிடையாது. இந்த நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லி அவர் மனைவி லூர்து அக்கா கேட்டபோது, “வேணாம்க்கா, நான் எழுதினா சண்டையத்தான் எழுதுவேன்” என்றேன். “சண்டையையும் எழுதும்மா. அது இல்லன்னா அவரை மாதிரியே இருக்காது” என்றார். ஆகவே எழுதுகிறேன். குறை சொல்ல வேண்டியவர்கள் அக்காவிடம் போய்ச் சொல்லுங்கள்.

அண்ணன் பதவிக்கு வந்த சமயத்தில் எங்கள் பக்கத்துக் கழனிகளில் மனைக்கு நடுகிற வெள்ளைக்கல் முளைக்க ஆரம்பித்திருந்தது. ஏனாத்தூர்ச் சாலையில் கல்லூரி வந்த பிறகு மனைக்கு ஏகப்பட்ட கிராக்கி. மனைத் தரகர் ஒருவர் தட்டு நிறையப் பழம் வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஊராட்சி ஒத்துழைத்தால் ஊரே சிங்கப்பூர் ஆகிவிடும் என்றார். அண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “பழத்த வச்சிட்டுப் போங்க, புள்ளைங்க துன்னும். பேச்ச மட்டும் திரும்ப எடுத்துக்கினு போங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு அப்போதே எரிச்சல். “நெலம் மேலத்தெருக்காரங்களுது. நமக்கு ஒரு சென்ட்டு கூட இல்ல. நீ ஏண்ணா நடுவுல பூந்து அடிச்சிக்கிற?” என்று கேட்டேன். “நெலம் அவங்களுதுதான். வேலை யாருதும்மா? மனை போட்டா கல்லு நட ஒரு நாளு ஆளு கூப்பிடுவான். மறுநாளு நம்ம தெருப் பொம்பளைங்க எங்க போவாங்க?” என்றார். அதோடு விடமாட்டார். “மனை போட்டவன் எவனாச்சும் திரும்பி ஏர் கட்டியிருக்கானா? ஒருத்தனக் காட்டு பார்க்கலாம்” என்பார். டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் இதையே கேட்பார். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் இந்தப் பகுதிக்கு முழுமைத் திட்டம் வந்தது. எந்த இடத்தில் வீடு கட்டலாம், எங்கே தொழிற்சாலை வரலாம், எது விவசாயத்துக்கு மட்டும் என்று வரைபடத்தில் வண்ணம் பூசிப் பிரித்துவிடுகிற திட்டம் அது. ஒரு தடவை பூசிவிட்டால் அதன்படிதான் எல்லாம் நடக்கும். முதல் வரைபடத்தைக் காஞ்சிபுரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்த அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. “நம்ம ஏரிக்கீழ முச்சூடும் மஞ்சளாப் பூசி வச்சிருக்கான்மா” என்றார். மஞ்சள் என்றால் குடியிருப்பு. பச்சைதான் விவசாயம். ஆட்சேபம் இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போட்டு, எந்தெந்த சர்வே எண் விவசாய மண்டலத்தில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் ஊரில் சர்வே எண் சொல்லிக் கழனியைக் காட்டுகிறவர் யாருமில்லை. மதகடி, பனையடி, கோணக்கழனி என்று பெயர்தான். கிராம சபையில் ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொன்னார்கள். ஊராட்சிச் செயலர் எண்ணைத் தேடி எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் பின்னாலிருந்து யாரோ, “களத்துமேடு?” என்று குரல் கொடுத்தார்கள். “களம் இல்லாம அறுப்பு ஏதுய்யா? எழுதுங்க!” என்று சபையே கத்தியது. வெளியூர்க்காரர் யாராவது இருந்திருந்தால், களம் கழனியில்லையே என்று அந்த இடத்தில் யோசித்திருப்பார். எங்களுக்கு அந்த யோசனையே வராது. எங்கள் ஊரில் அறுப்புக்கு முன்னால் களத்துக்குச் சாணம் தெளித்து, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் அரிவாளை எடுப்பார்கள். நெல் வீட்டுக்குள் வருகிற வரைக்கும் களமும் கழனியும் ஒன்று. அண்ணனும் களத்தில் வளர்ந்தவர்தானே! ஒரு முறை வாசித்துப் பார்த்துவிட்டுக் களத்துமேட்டையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

கேட்டது கிடைத்தது. இறுதி வரைபடத்தில் ஏரிக்கீழ் முழுக்கப் பச்சை. இதற்காக அண்ணன் அலைந்த அலைச்சலை எழுத இந்த மலர் போதாது. அன்றைக்கு மாதாகோயிலிலும் மாரியம்மன் கோயிலிலும் பொங்கல் வைத்தோம். கழனியில் நட்டிருந்த வெள்ளைக்கற்களைப் பிடுங்கிக்கொண்டு வந்து எங்கள் தெருப் பெண்கள் துணி துவைக்கப் போட்டுக்கொண்டார்கள். தரகர் கொஞ்ச காலம் எங்கள் ஊர்ப் பக்கமே தலைகாட்டவில்லை.

பிறகு வீட்டுமனைப் பேச்சு வந்தது. எங்கள் காலனிக்கு ஒரு பக்கம் ஏரிக்கரை, ஒரு பக்கம் வாய்க்கால், மற்ற இரண்டு பக்கமும் கழனி. தெரு உண்டான நாளிலிருந்து ஒரு சாண் நீளவில்லை. குடும்பங்கள் மட்டும் பெருகிக்கொண்டே போயின. என் வீட்டையே சொல்கிறேன். அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வீடு. அதில் நான், என் தையல் மெஷின், என் மகன், மருமகள். நடுவில் ஒரு பழைய புடவைதான் தடுப்பு. மருமகள் புடவை மாற்ற வேண்டும் என்றால் நாங்கள் எல்லாம் வெளியே போக வேண்டும். மழை பெய்தால் தாழ்வாரத்தில் நனைந்துகொண்டே நிற்க வேண்டும். கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பக்கூட எங்கள் வீட்டில் இடமில்லை. திருப்பினால் இன்னொருவர் முகம் இருக்கும்.

காலனியை ஒட்டி இருக்கிற ஒரே அரசு நிலம் களத்துமேடு. அதில் ஒரு ஓரத்தை நெல் காயவைக்க விட்டுவிட்டு, மிச்சத்தை மனையாகப் பிரித்துப் பட்டா கொடுங்கள் என்று கேட்டோம். நானும் அண்ணனும்தான் மனு எடுத்துக்கொண்டு போனோம். அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். “இது விவசாய மண்டலத்துல வருதே. மனை பிரிக்க முடியாதும்மா. நீங்களே தீர்மானம் போட்டுக் கேட்டு வாங்கினதுதானே?” என்று திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.  திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் அண்ணன் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

நில உபயோக மாற்றம் என்று ஒரு வழி இருக்கிறது. அதற்கும் ஊராட்சித் தீர்மானம் வேண்டும். களத்துமேட்டுக்கு மட்டும் மாற்றம் கேட்டு அண்ணன் தீர்மானம் போட்டு அனுப்பினார். கோப்பு போன இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. அவரும் ஓயாமல் போய்ப் பார்த்தார், அவர்களும் ஓயாமல் “பார்க்கலாம்” என்றார்கள். ஏழைகளின் களத்துக்காக மெனக்கெட யார் இருக்கிறார்கள்? வாசனை பிடித்த மாதிரி தரகர் மறுபடியும் வந்தார். “களம் தனியாப் போனா நகராது தலைவரே. பக்கத்துல இருக்கிற கழனியையும் சேத்துத் தீர்மானம் போடுங்க. மீதிய நான் பாத்துக்கறேன். உங்க ஜனத்துக்கும் வூடு, எங்களுக்கும் மனை” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் எங்கள் தலையெழுத்து. அண்ணன் முடியாது என்று சொல்லிவிட்டார்.

அது தெரிந்ததும் நான் அவர் வாசலில் போய் நின்று கத்தினேன். “ஊரான் கழனியக் காப்பாத்தினியே, எம் மருமவ பொடவ மாத்த ஒரு எடம் காப்பாத்தினியா? நம்ம கையாலயே நம்மளப் பூட்டிட்டியேண்ணா!” தெருவே கூடிவிட்டது. அதே நேரத்தில் மேலத்தெரு மனோகர் முதலியார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவருக்குக் கழனியை மனையாக விற்றுவிட்டுப் பையனிருக்கும் சென்னைக்கே போய்விட ஆசை. “என் கழனிய நான் விக்கறதுக்கு இவரு யாருய்யா குறுக்க?” என்று அவர் அந்தப் பக்கம் ஆரம்பித்தார். அண்ணன் உள்ளே போய் இரண்டு நாற்காலி எடுத்து வந்து போட்டார். “உக்காருங்க. ஒருத்தருக்கப்புறம் ஒருத்தரா திட்டுங்க. ரெண்டு பேரும் ஒண்ணா திட்டினா எனக்கு ஒண்ணுமே வெளங்கல” என்றார். முதலியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அண்ணன் என் பக்கம் திரும்பி, “எனக்கும் அதே வூடுதான்மா. திட்டு, நல்லாத் திட்டு. அந்தத் தரகரு சொல்றதுக்குக் கையெழுத்து போடுன்னு மட்டும் சொல்லாத” என்றார்.

பிறகு அவருக்கு உடம்பு விழுந்துவிட்டது. இரண்டு சிறுநீரகமும் பழுது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனேன், மனசு கேட்கவில்லை. கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. லூர்து அக்கா மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து அவர் பேசினார். “களத்த எழுதினது தப்பும்மா. அது எந்தப்பு. கழனிய எழுதினது தப்பில்ல. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாத. கட்டறதுக்கு ஆளு வரும்.” “மொதல்ல எழுந்து வா, மிச்சத்த வூட்ல சண்ட போட்டுக்கலாம்” என்றேன். சரி என்று தலையை ஆட்டினார். அதற்கப்புறம் நான் அவரை உயிரோடு பார்க்கவில்லை.

அடக்கத்துக்கு மேலத்தெருவும் வந்தது, எங்கள் தெருவும் வந்தது. முதலியார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லறை வரைக்கும் வரப்பில் நடந்தே வந்தார். தரகரும் வந்திருந்தார். இருந்த மாலைகளிலேயே பெரிய மாலை அவருடையதுதான்.

அண்ணன் சொன்னபடி ஆள் வந்தது. அவர் போன பிறகு நடந்த முதல் கிராம சபையில் துணைத்தலைவர் தீர்மானத்தை வாசித்தார். களத்துமேட்டையும் அதை ஒட்டிய ஏரிக்கீழ்க் கழனிகளையும் சேர்த்துக் குடியிருப்பு மண்டலமாக மாற்ற வேண்டும் என்பதே தீர்மானம். கழனிக்காரர்கள் கை தூக்கினார்கள். காலனிக்காரர்களும் தூக்கினார்கள். இரண்டு தெருவும் ஒரே நேரத்தில் கை தூக்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். முன்வரிசையில் என் மகன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மருமகள், வயிற்றில் பிள்ளையோடு. இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் வீடு வேண்டாமா? அந்த மனையில் எத்தனை ஜன்னல் வைப்பது என்பது வரைக்கும் மனசுக்குள் கட்டி முடித்திருந்தவள் நான்.

எழுந்து நின்றேன்.  “களத்துக்கு என் கை உண்டு. கழனிக்குக் கெடையாது. ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க” என்றேன். அவ்வளவுதான், சபை இரண்டாகிவிட்டது. “செத்தவரு இவ மேல வந்து ஏறிட்டாருடா!” என்று ஒருவன் கத்தினான். “உம் மருமவ மூஞ்சப் பாத்துச் சொல்லு” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நான் பார்த்துத்தான் சொன்னேன். நாற்று நடப் போகிற பெண்கள் சிலர் தூக்கிய கையை இறக்கினார்கள். தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. தோற்கவில்லை, தள்ளிவைத்திருக்கிறார்கள். அடுத்த சபையில் மறுபடியும் வரும். நானும் மறுபடியும் எழுந்து நிற்க வேண்டும். களத்துக் கோப்பு இன்னும் அதே மேசையில் கிடக்கிறது. இப்போது நான்தான் போய்க் கேட்கிறேன். என்னிடமும் “பார்க்கலாம்” என்றுதான் சொல்கிறார்கள்.

அண்ணனிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று லூர்து அக்கா கேட்டார். நல்ல குணம், பெரிய மனசு என்று எழுதினால் பொய். எனக்கு மிச்சம் அவர் வாங்கிய திட்டு. இரண்டு தெருவும் இப்போது என்னைத் திட்டுகிறது. அதையும் “ரெண்டையும் ஒண்ணாக் கட்டாத” என்ற அந்தப் பேச்சையும்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் விடுவதாக இல்லை.

போன வாரம் என் மகன் ஸ்ரீபெரும்புதூரில், வேலை செய்கிற கம்பெனிக்குப் பக்கத்தில், வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். சாமான் ஏற்றும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மருமகள்தான் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கோவம்லாம் இல்ல அத்தை. புள்ள பொறந்தா படுக்க எடம் வேணும்ல” என்றாள். வண்டி போனதும் நடுவில் கட்டியிருந்த புடவையை அவிழ்த்து மடித்து வைத்தேன். இப்போது எங்கள் வீட்டில் நிறைய இடம் இருக்கிறது, அண்ணா.