தையல்காரியின் இடது காது

மூன்றாம் மாடித் தையல்காரிக்கு உடம்பு கொஞ்சம் அகலம். அவள் அப்பா அப்படி, அத்தைமார் இருவரும் அப்படி, பெரியப்பா மகன் தன் கல்யாண போட்டோவிலேயே பாதிதான் அகப்பட்டார். வம்சத்து வாகு அது. ஆனால் கிளினிக் டாக்டருக்கு வம்சம் கிம்சமெல்லாம் கிடையாது. எடை மெஷின் சொன்னதுதான் வேதவாக்கு.

இருமல் என்று போனால், "எடையக் குறைங்க." கத்தரிக்கோல் பட்டு விரல் கிழிந்து போனபோதும், தையல் போட்டுக்கொண்டே, "இனிப்பு, எண்ணெயெல்லாம் குறைங்க. தினம் அரை மணி நேரம் நடங்க" என்றார். படி ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்தவளிடம்.

இந்தத் தடவை இடது காது. உள்ளே ஒரே குடைச்சல், கேட்பதும் மந்தம். இடப்பக்கம் நின்று அளவு சொன்ன ஒருத்தி, "இடுப்பத் தளர்வா வைங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே" என்று துணியை மேஜையில் எறிந்துவிட்டுப் போனாள். தையல்காரம்மாவுக்குத் திமிர், சொன்னதைக் காதில் வாங்குவதில்லை என்று பேச்சும் பரவியது. பிழைப்பே ஆட்டம் கண்டது. டாக்டரிடம் ஓடினாள். மெஷினில் ஏற்றினார்கள். எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அவர் காதை மறந்து நடைக்குத் தாவினார். மறுபடி போனாள், மறுபடியும் நடைதான்.

தம்பி மனைவி குச்சி மாதிரி இருப்பாள்; வாய் மட்டும் ஆளைவிடப் பெரிது. "அண்ணி, அவரு காதைப் பாக்கணும்னா முதல்ல அந்த நம்பரைப் பாக்கக் கூடாது" என்று கூடவே கிளம்பினாள்.

கிளினிக்கில் நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், தம்பி மனைவி செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள். மெஷினைப் புரட்டி, பேட்டரியை உருவிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தையல்காரி ஏறினாள். மெஷின் மூச்சு விடவில்லை. நர்ஸ் காலால் தட்டினாள். டாக்டரே எழுந்து வந்து ஏறிப் பார்த்தார்; அவருக்கும் அது வாய் திறக்கவில்லை. திரும்பப் போய் உட்கார்ந்து பேனாவை மூடினார், திறந்தார். எண் இல்லாமல் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, பாவம்.

கடைசியில், "சரி... உங்களுக்கு என்ன பண்ணுது?" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி. வேறு யாரையோ கேட்கிறார் என்று தையல்காரி பின்னால் திரும்பிப் பார்த்தாள். தம்பி மனைவி முழங்கையால் இடித்தாள்.

"சீக்கிரம் சொல்லுங்க அண்ணி, வேற மெஷின் கொண்டாந்துடப் போறாங்க."

சொன்னாள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, இடுக்கியால் மெல்ல இழுத்தார். வந்தது ஒரு பஞ்சுத் துணுக்கு. கோட்டுத் தோளுக்குள் வைக்கிற பஞ்சு; தையல் மெஷின் சத்தம் தாங்காமல் அவள் காதில் அடைத்துக்கொண்டதில் ஒரு பிசிறு உள்ளேயே குடித்தனம் நடத்தியிருக்கிறது.

"இப்ப நல்லாக் கேக்குதா?"

தெருவில் போகிற வண்டிச் சத்தம்கூடக் கணீரென்று வந்து விழுந்தது. "கேக்குது டாக்டர்."

"அப்ப கேட்டுக்கங்க. எடையக் கொஞ்சம் குறைக்கணும். தினம் அரை மணி நேரம்..."

"இருங்க டாக்டர். உள்ள இன்னும் கொஞ்சம் பஞ்சு இருக்கும்போல" என்று தையல்காரி எழுந்துகொண்டாள்.

போகிற போக்கில் தம்பி மனைவி பேட்டரியை நர்ஸின் மேஜைமேல் வைத்தாள்.

"கீழ கெடந்துது சிஸ்டர். அடுத்து வர்றவங்க என்ன பண்ணுதுன்னு சொல்லி முடிச்சப்புறம் போடுங்க."