படுக்கைக்காக வாதாடிய பூங்கோதை அக்கா

திருப்பாதிரிப்புலியூரில் உள்ள என் சித்த மருத்துவமனையில் காலை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சிதம்பரத்திலிருந்து அழைப்பு வந்தது. பூங்கோதை அக்காவின் கணவர். "அவ போயிட்டாம்மா. தூக்கத்துலயே" என்றார்.

மருத்துவர் பூங்கோதை கல்லூரியில் எனக்கு மூத்தவர். பெண்ணாடத்துக் கரும்பு விவசாயியின் மகள். படித்து முடித்ததும் சிதம்பரத்தில் படுக்கை வசதியுடன் சித்த மருத்துவமனை தொடங்கினார். "வாதம் வந்து கெடக்கறவரைத் தெனமும் பஸ் ஏத்தியா கூட்டிட்டு வருவாங்க?" என்பார்.

அப்படி அங்கே சேர்ந்தவர்தான் நெல்லிக்குப்பத்து டிராக்டர் ஓட்டுநர் ஏழுமலை. பக்கவாதம் தாக்கி, பெரிய மருத்துவமனையில் உயிர் பிழைத்து, ஒரு பக்கம் செயலிழந்த நிலையில் வந்தார். அவருடைய மருத்துவக் காப்பீட்டில் சித்த மருத்துவமும் அடக்கம். ஆனாலும், எண்ணெய் தேய்த்துக்கொள்ளத் தங்கியதை மருத்துவமனைச் சிகிச்சையாகக் கருத முடியாது என்று நிறுவனம் மறுத்துவிட்டது. அவர் மனைவி சாந்தி, கட்டணம் கட்டத் தங்கள் டிராக்டரை விற்க ஆள் தேடத் தொடங்கினார். "அவரு எழுந்து வந்தா எதை ஓட்டுவாரு? கொஞ்சம் பொறுங்க" என்று தடுத்த அக்கா, சாந்தியைக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்ய வைத்தார்.

காணொளியில் நடந்த விசாரணையின்போது நானும் உடனிருந்தேன். அதற்குள் ஏழுமலை கோல் ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தார். விசாரித்த அதிகாரி, "உங்கள் சிகிச்சையால்தான் இவர் நடந்தார் என்று உறுதியாகச் சொல்வீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று எனக்குப் பட்டது. அக்காவின் முகத்தையே சாந்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படிச் சொல்ல மாட்டேங்க. சில பேரு தானாவும் தேறுவாங்க. இவரு உயிரைக் காப்பாத்துனது அந்த ஆஸ்பத்திரிதான். ஆனா ஏன் படுக்க வெச்சேன்னு சொல்லுவேன். இங்க வந்தப்ப இவரால பொரண்டு படுக்க முடியல. தண்ணி குடிச்சா பொரை ஏறும். இவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தா நான் டாக்டரே இல்லைங்க" என்றார் அக்கா.

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். சில வாரங்களில் தீர்ப்பு சாந்திக்குச் சாதகமாக வந்தது. டிராக்டர் வீட்டிலேயே நின்றது.

செய்தி பரவியதும் காப்பீட்டு அட்டையோடு வருபவர்கள் கூடினார்கள். அக்காவின் சொந்த மாமாவே மூட்டு வலிக்கு ஒரு வாரம் தங்குகிறேன் என்று வந்தார். "மாமா, உங்களுக்குத் தைலமும் நடையும் போதும். சும்மா படுக்க வெச்சேன்னா, நாளைக்கு நெஜமா முடியாம வர்றவங்களை யாரும் நம்ப மாட்டாங்க" என்றார் அக்கா. மாமா கோபித்துக்கொண்டு போனவர்தான். பிறகு பேசவே இல்லை. அந்த வருத்தம் அக்காவுக்குக் கடைசிவரை இருந்தது.

சென்ற ஆண்டு அக்காவுக்குக் குடலில் புற்றுநோய்க் கட்டி வந்தது. புதுச்சேரியில் அறுவை சிகிச்சைக்குச் சேர்த்தபோது, அங்கே காப்பீட்டு விவரம் கேட்ட பெண், "சித்தா டாக்டரா? நீங்களே இங்க வந்துட்டீங்களா?" என்று சிரித்தார். அக்காவும் சிரித்தார். "அறுக்க வேண்டியதை அறுக்கத்தானம்மா வேணும். அவுங்கவுங்க வேலையை அவுங்கவுங்க செஞ்சா போதும்." நோய் கல்லீரலுக்குப் பரவிய பிறகும், உடம்பு இடம் கொடுத்த நாள்களில் படுக்கை படுக்கையாகப் போய் நோயாளிகளைப் பார்த்துவிட்டுத்தான் ஓய்வெடுத்தார்.

இறுதி ஊர்வலம் மருத்துவமனை வழியாகச் சென்றது. நடக்க முடிந்த நோயாளிகள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முடியாதவர்களைச் செவிலியர்கள் சக்கர நாற்காலிகளில் மாடி ஜன்னலோரம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அக்காவின் கணவர் வண்டியைச் சற்று நிறுத்தச் சொன்னார். ஜன்னலில் ஒரு பெரியவர், செயலிழந்த கையை மறு கையால் தூக்கிச் சேர்த்துக் கும்பிட்டார்.

மாடியில் இருப்பவர்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் கிளம்புங்கள், அக்கா.