கடைசி வரிக்கு முன்னால்

ரயில் பொன்னேரியைத் தாண்டும்போது போன் வந்தது. ஃபிட்டர் சாலமோன் அண்ணன் கவரைப்பேட்டை வீட்டில் விடியற்காலை இறந்துவிட்டார் என்றார்கள். நான் முதலில் பார்த்தது என் வலது கையைத்தான். ஏனென்று கும்மிடிப்பூண்டி ஷெட்டில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அண்ணன் என்றால் அந்த ஆங்கிலப் பாட்டு. அறுபதுகளில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஒருவர் பாடியது. சர்ச்சில் யாரோ கொடுத்த கேசட்டில் கேட்டுப் பிடித்துக்கொண்டவர், ஸ்பேனரை எடுத்தாலே முணுமுணுப்பார். சலிக்கவே சலிக்காதா என்று கேலி செய்வோம். "இன்னா சொல்றான்னு பாதி புரியாது நைனா. ஆனா பொய் சொல்லல, அது தெரியுது" என்பார். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள்கூட ஒரே மாதத்தில் பாடத் தொடங்கிவிட்டார்கள். எங்கே ஏறும், எங்கே முடியும் என்று ஷெட்டுக்கே மனப்பாடம்.

தகடு வளைக்கும் ரோலரில் கையுறை போடக் கூடாது. விளிம்பு கையைக் கிழிக்கிறதே என்று திருட்டுத்தனமாகப் போடுவோம். அன்று என் கையுறையை ரோலர் கவ்வியது. விரல்களும் உள்ளே போயின. மெஷினை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் ரிவர்ஸ் போட ஓடினார். "தொடாத. அது முன்னால ஒரு உதறு உதறிட்டுதான் பின்னால வரும்" என்று அண்ணன் அதட்டினார். அந்த ஓர் உதறலில் என் கை போயிருக்கும். மேல் ரோலரின் நான்கு போல்ட்டுகளையும் தளர்த்தினால்தான் வழி.

"பாட்டு முடியறதுக்குள்ள கை வெளிய வந்துடும். அசையாம கேட்டுகினு இரு" என்று சொல்லிவிட்டுப் பாடத் தொடங்கினார். இரண்டு போல்ட்டுகள் தளர்ந்தன. மூன்றாவது துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. நான் வலியை விட்டுப் பாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்ததும் வலி தாங்காமல் கையை இழுத்துவிடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. கடைசி வரி வந்துவிட்டது. அண்ணன் அதைப் பாடவில்லை. மூச்சுவிடாமல் முதல் வரிக்குப் போனார். அப்போதுதான் அவர் குரல் நடுங்குவது தெரிந்தது. இப்படி மூன்று முறை திரும்பிய பிறகுதான் மற்ற இரண்டு போல்ட்டுகளும் தளர்ந்தன. இரண்டு நகங்கள் போனதோடு என் கை தப்பியது.

ஏன் முடிக்கவில்லை என்று பிறகு கேட்டேன். "முடிச்சா நான் பொய் சொன்னவன் ஆயிடுவேனே" என்றார்.

அடக்கத்தில் அண்ணனின் மனைவி அந்தப் பாட்டைப் போடச் சொன்னார். என் போனில் போட்டேன். பெட்டி பாதிதான் குழிக்குள் இறங்கியிருந்தது. கடைசி வரி நெருங்கிவிட்டது. அண்ணன் எனக்கு விட்டுப்போனது இந்த ஐந்து விரல்கள். அவற்றில் ஒன்றால் பாட்டை மறுபடி முதலிலிருந்து வைத்தேன்.